விலை: கேட்கவும்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியை ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து மாதமாக டிராயரில் கிடந்தது. இன்று முதலாளி குற்றாலிங்கம் சார் ஆபீசில் எல்லோரையும் நிற்கவைத்து, புது சாப்ட்வேர் வாங்கியிருக்கிறேன், இந்த மாதம் முழுக்க அன்றன்றைக்கு என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும், யார் எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்றார். சரி, எழுதுகிறேன்.

நான் சங்கரவடிவு. வயது நாற்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் வீடு கட்டிக்கொடுக்கும் இந்த ஆபீசில் ஆறு வருஷமாகப் பர்ச்சேஸ் பார்க்கிறேன். செங்கல், கம்பி, கதவுக் கீல் என்று எந்தச் சாமான் எந்தக் கடையில் என்ன விலை என்பது என் எக்ஸெல் ஷீட்டில் இருக்கும். மொத்தம் 1,386 வரி. அதை அப்படியே மொத்தமாக சாப்ட்வேருக்குள் ஏற்றிவிட வேண்டுமாம். கெடு இந்த மாதக் கடைசி. ஏற்றிவிட்டால் சைட்டில் இருக்கிறவர்கள் விலையைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

"இனி காலங்காத்தால ஒன்னை யாரும் போன் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டாவ வடிவு" என்று சார் எனக்கு ஏதோ வரம் தருவதுபோலச் சொன்னார். மற்ற மூன்று சைட் ஆட்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவார்கள். போன் போடுகிறவர் பெருமாள்புரம் பக்கத்து சைட் சூப்பர்வைசர் ஆவுடையப்பன் ஒருவர்தான். தினமும் எட்டு நாற்பதுக்கு. என் இட்லி ஆறு வருஷமாக ஆறிப்போய்த்தான் வயிற்றுக்குள் போகிறது. இனிமேலாவது சூடாகச் சாப்பிடலாம். நிம்மதி.

ஜூன் 4, செவ்வாய்

சாப்ட்வேர்க்காரர்கள் ஒரு காலி ஷீட் அனுப்பியிருக்கிறார்கள். பொருளின் பெயர், வகை, அளவு, விலை, கடை, தேதி என்று அவர்கள் போட்டிருக்கும் வரிசையில்தான் நாம் நிரப்ப வேண்டும். நம் இஷ்டத்துக்கு ஒரு பத்தி கூட்டவோ குறைக்கவோ கூடாது. என் ஷீட்டைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எட்டு எம்எம் கம்பி ஐந்து பெயரில் இருக்கிறது. ஓரிடத்தில் "8 கம்பி", இன்னோரிடத்தில் "கம்பி எட்டு", மற்றோரிடத்தில் வெறும் "எட்டு". எனக்குப் புரிந்தது, போதும் என்று எழுதிய எழுத்து. பகல் முழுக்க இருநூறு வரி சரிசெய்தேன்.

ஆவுடையப்பன் காலையில் கட்டுக்கம்பி விலை கேட்டார். சொல்ல அரை நிமிஷம். மீதி ஒன்பது நிமிஷமும், மணல் குவியலுக்குள் கீரிப்பிள்ளை குட்டி போட்டிருப்பதால் கொத்தனார் அந்தப் பக்கம் மணல் அள்ளமாட்டேன் என்று அடம்பிடிக்கிற கதை. வேலை நேரத்தில் இதெல்லாம் எனக்கெதற்கு?

மூன்று குட்டியாம்.

ஜூன் 6, வியாழன்

முதல் தடவை ஏற்றிப் பார்த்தேன். 1,386 வரியில் 1,212 வரியைத் திருப்பித் தள்ளிவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு. நானும் சும்மா விடவில்லை, நன்றாகத் திட்டிவிட்டேன். பிறகு அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூர்ப் பெண், பெயர் மைதிலி, பொறுமைசாலி. விலைப் பத்தியில் எண் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். நான் "மூட்டைக்கு" என்றும் "ஏற்றுக்கூலி தனி" என்றும் அதற்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறேன்.

"அப்புறம் நாப்பத்தோரு வரியில 'கேட்கவும்'னு இருக்குதுங்க மேடம். அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

கம்பி, சிமெண்ட், எம்சாண்ட், ஜல்லி எல்லாம் அன்றன்றைக்கு விலை மாறும் சாமான். காலையில் கடையில் விசாரித்தால்தான் தெரியும். சைட்டில் இருப்பவர் என்னிடம் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். அதனால் "கேட்கவும்". இதில் என்ன தப்பு? சாப்ட்வேருக்குக் கேட்கத் தெரியாதுங்க என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

சாரிடம் போய், இந்த நாற்பத்தொன்றையும் ஏற்ற முடியாது, தினமும் மாறுகிற விலையை ஏற்றி என்ன பிரயோஜனம், இதற்கு மட்டும் வழக்கம்போலப் போன்தான் சரி என்று கால்மணி நேரம் வாதாடினேன். எல்லாம் நியாயமான பேச்சு. சார் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, காலையில் விசாரித்த விலையை அந்த ஷீட்டில் தட்டி மொத்தமாக ஏற்றிவிடு, பத்து நிமிஷ வேலைதானே, அதற்குத்தானே லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்றார்.

சரி சார் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

ஆவுடையப்பன் லீவு. தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். எனக்கு இன்று வேலை ஓடவில்லை. தலைவலி.

ஜூன் 15, சனி

சூப்பர்வைசர்களுக்கு ஆபீசில் பயிற்சி. செல்போனில் விலையை எப்படிப் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மற்ற மூன்று பேருக்கும் ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. ஆவுடையப்பனுக்கு ஒரு மணி நேரம் ஆகியும் ஏறவில்லை. "எங்கன தொடணும் மேடம்? இதையா?" என்று ஒரே பட்டனைப் பத்துத் தடவை கேட்கிறார். மகளுக்கு ரயில் டிக்கெட் முதல் கரண்ட் பில் வரை அதே செல்போனில் கட்டுகிற மனுஷன்தான். இன்றைக்கு என்னவோ தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். சைட்டிலிருந்து நேராக வருகிறவர் சட்டையில் எப்போதும் சிமெண்ட் இருக்கும்.

சார் அவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார். நான் ஏற்றுகிற விலைகளை அவர் பார்த்து ஓகே பட்டனைத் தட்டினால்தான் அது எல்லோர் செல்போனுக்கும் போகும். ஒரு லோடு செங்கலில் நாலு கல் குறைந்தாலும் லாரியை நிறுத்தி எண்ணுகிறவர், அதனால் அவர்தான் சரி என்றார் சார்.

இவ்வளவு எழுதுகிறேன், இதையும் எழுதிவிடுகிறேன். அப்பா பக்கவாதத்தில் பன்னிரண்டு வருஷம் கிடந்தார். அவரையும் பிறகு அம்மாவையும் பார்த்துக்கொண்டதில் எனக்கு வந்த வரன்கள் எல்லாம் வந்த வழியே போய்விட்டன. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்த அன்று, யாரும் சொல்லாமலே சைட்டிலிருந்து சாரக் கம்பும் நாலு ஆளும் கொண்டுவந்து பந்தல் போட்டவர் ஆவுடையப்பன். சாயங்காலம் வரை வாசலில் நின்றார். அவர் மனைவி போய் அப்போதே ஏழு வருஷம் ஆகியிருந்தது. துக்க வீட்டில் என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இந்தப் பக்கத்தைச் சாரிடம் காட்ட முடியாது. அவருக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட வேண்டியதுதான்.

ஜூன் 18, செவ்வாய்

1,345 வரி ஏறிவிட்டது. ஒரு சிவப்புகூட இல்லை. மைதிலி போனில் வாழ்த்துச் சொன்னாள்.

மீதி நாற்பத்தொன்று. விலைப் பத்தி காலியாக இருந்தால் சாப்ட்வேர் எடுக்காது, எழுத்திருந்தாலும் எடுக்காது. ஆகவே பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால் எடுத்துக்கொள்கிறது. தற்காலிகமாகத்தான். எப்படியும் ஆவுடையப்பன் கண்ணில் படும், கம்பிக்குப் பூஜ்யமா என்று திருப்பி அனுப்புவார், இரண்டு மூன்று நாள் ஓடும். அதற்குள் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஓகே வந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு செங்கலுக்கு லாரியை நிறுத்துகிறவருக்கு நாற்பத்தொரு பூஜ்யம் தெரியவில்லையா? கண்ணை எங்கே வைத்திருந்தார்?

ஜூன் 19, புதன்

எட்டு நாற்பதுக்கு போன் வந்தது. "செல்லுல பாத்தேன் மேடம். கம்பிக்குப் பூஜ்யம்னு காட்டுது. அதான் ஒங்ககிட்ட கேக்கலாம்னு" என்றார். சொன்னேன். பன்னிரண்டு நிமிஷம். கீரிப்பிள்ளைக் குட்டிகள் கண் திறந்துவிட்டன.

ஜூன் 21, வெள்ளி

அந்த நாற்பத்தொன்றையும் நிரப்ப வேண்டும். இன்று ஜிஎஸ்டி கணக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை பார்க்கலாம்.

ஜூன் 24, திங்கள்

இன்றும் நேரமில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு ஞானதீபம் டீச்சர் ஆபீசுக்கு வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பெருமாள்புரத்தில் வீடு கட்டுவதற்கு நம்மிடம் எஸ்டிமேட் கேட்டிருந்தார். சனிக்கிழமை சார் ஒரு கல்யாண வீட்டில் இருந்தபடியே, புது சாப்ட்வேர் கையில் இருக்கிற சந்தோஷத்தில், டீச்சர் வீட்டு அளவுகளைப் போட்டு, அது கூட்டித் தந்த கணக்கை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தெட்டு லட்சம் ஆக வேண்டிய வீடு இருபத்தொரு லட்சத்தில் வந்திருக்கிறது.

டீச்சர் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "முப்பத்திமூணு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன் சார். நாலு டன் கம்பியைப் பூஜ்யத்தால பெருக்கினா பூஜ்யம்தான். ஆனா கம்பியில்லாத வீட்டுல நான் எப்படிக் குடியிருக்க?" என்றார். கோபமே இல்லை. அவர் இடத்தில் வேறு யாராவது இருந்தால், எழுதிக்கொடுத்த தொகைக்குக் கட்டிக்கொடு என்று நின்றிருப்பார்கள். சாரும் வாக்கு மாறாத ஆள், தலையை அடகுவைத்தாவது கட்டியிருப்பார். ஏழு லட்சம்.

டீச்சர் போனதும் சார் என்னையும் ஆவுடையப்பனையும் கூப்பிட்டார். ஆவுடையப்பன் சைட்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். பூஜ்யம் யார் போட்டது என்று சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பு என் பேர்லதான் சார். நான் பாக்காம ஓகே தட்டிட்டேன்."

"உம்ம நம்பித்தானவே அந்த வேலையைக் கொடுத்தேன்" என்றார் சார். குரல்கூட உயரவில்லை. அதுதான் பெரிய வலி. நாற்பத்தெட்டு வயது மனுஷன், ஆபீசில் எல்லோரும் பார்க்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நானெல்லாம் என்ன மனுஷி?

ஜூன் 26, புதன்

ஆபீஸ் திறந்ததும் சாரிடம் போனேன். பூஜ்யம் போட்டது நான், தெரியாமல் போடவில்லை, தெரிந்தேதான் போட்டேன், ஆவுடையப்பன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். என்ன சொல்ல? காலையில் எழுந்ததிலிருந்து விலையைத் தவிர வேறு ஏதாவது எனக்குச் சொல்கிற முதல் மனிதக் குரல் அந்த போன்தான் சார் என்றா? விலை ஏறிவிட்டால் அவர் என்னிடம் கேட்பதற்கு ஒன்றுமே இருக்காது சார் என்றா?

"வேலை சாஸ்தியா இருக்கோ? கூட ஒரு ஆள் போடட்டா?" என்றார் சார்.

சாமி சத்தியமாக அப்படித்தான் கேட்டார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனதுக்காகவாவது வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுக்க வேண்டும். வேண்டாம் சார், நாளைக்கு முடித்துவிடுகிறேன் என்றேன்.

இன்று காலை போன் வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

எட்டரைக்குள் எல்லாக் கடைக்கும் நானே போன் போட்டு நாற்பத்தொரு விலையையும் வாங்கினேன். ஒவ்வொன்றாகத் தட்டி, இரண்டு தடவை சரிபார்த்து, ஒன்பது மணிக்கு ஏற்றினேன். பத்து நிமிஷ வேலைதான், சார் சொன்னது சரி. ஏற்றும் பட்டனைத் தட்டுவதற்கு முன் நாற்பத்தொன்றையும் இன்னொரு தடவை எண்ணினேன். போட்டும் என்று தட்டிவிட்டேன்.

ஓகே உடனே வரவில்லை. பத்து, பதினொன்று, மத்தியானம் ஆகியும் வரவில்லை. மைதிலி கூடப் போன் போட்டு, உங்க ஆள் இன்னும் பார்க்கலைங்களா மேடம் என்று கேட்டாள். எங்கள் சைட் ஆள் என்று திருத்தினேன். சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு வந்தது. கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில் "சரி" என்று ஒரே வார்த்தை போட்டிருந்தார். ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு ஒரு வார்த்தை.

ஜூன் 28, வெள்ளி

1,386 வரியும் ஏறியாயிற்று. சார் எல்லோருக்கும் வடையும் காபியும் வாங்கிக்கொடுத்தார்.

எட்டு நாற்பதுக்கு இட்லி சூடாகத்தான் இருந்தது. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

யார் எந்த விலையை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று இந்த சாப்ட்வேர் காட்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே தோண்டிக் கண்டுபிடித்தேன். ஆவுடையப்பன் எட்டு நாற்பத்தொன்றுக்கு சிமெண்ட் விலையைப் பார்த்திருக்கிறார். நாற்பத்து மூன்றுக்கு அதே சிமெண்ட். ஐம்பதுக்கும் அதே சிமெண்ட். ஒன்பது நிமிஷத்தில் சிமெண்ட் விலை மாறுமா என்ன?

ஜூன் 29, சனி

இன்று எட்டு நாற்பதுக்கு சிமெண்ட். பிறகு கம்பி. பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பு. அந்த சைட்டில் சுண்ணாம்பு வேலையே கிடையாது. ஒன்பது ஐந்து வரைக்கும் வரிசையாக விலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவருக்குப் போன் போட்டதில்லை. போடுவதற்கு எனக்குக் காரணம் இருந்ததில்லை. கேட்பவர் அவர், சொல்பவள் நான்.

ஜூலை 1, திங்கள்

எட்டு முப்பதுக்கே அன்றைய விலைகளை ஏற்றிவிட்டேன். எட்டு முப்பத்தைந்துக்கு அவர் ஓகே தட்டிவிட்டார். இனி ஒரு வேலையும் பாக்கியில்லை. செல்போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். என்ன ஆகிவிடப் போகிறது, இந்த வயதுக்கு மேல் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு போட்டுவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம்? சிமெண்ட் வெல மாறிட்டா?"

"இல்ல."

"கம்பி?"

"எந்த வெலயும் மாறல. சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் கலவை இயந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு அவர் தள்ளி நடந்து வந்தார் போல, இயந்திரச் சத்தம் குறைந்தது. சார்கிட்ட நீங்க போய்ச் சொன்னீங்களாமே, எதுக்கு அப்படி என்று கேட்டார். உண்மையைத்தானே சொன்னேன் என்றேன். அம்மா இறந்த அன்று பந்தல் போட்டதற்கும் சேர்த்து நன்றி சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து இப்போது எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"நானும் ஒரு உண்மையச் சொல்லிருதேன்" என்றார். "அன்னைக்கு சார்கிட்ட பாக்காம ஓகே தட்டிட்டேன்னு சொன்னது பொய். நாப்பத்தோரு பூஜ்யத்தையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் தட்டினேன். வெல தெரிஞ்சிட்டா நான் என்னத்தச் சொல்லி ஒங்களுக்குப் போன் போட?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த டீச்சர் வீட்டைக் கம்பியில்லாமல் கட்டப் பார்த்திருக்கிறோம்.

பிறகு அவர் தொண்டையைச் செருமினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் கோமதியும் மருமகனும் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்கள், அவளிடம் போன மாதமே உங்களைப் பற்றிப் பேசிவிட்டேன், அவளுக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அப்பாவுக்குப் பெண் பார்க்க மகள் வருகிறாள். எந்த ஊரில் நடக்கும் இது? வாங்க என்றேன்.

"ஒங்களுக்குச் சிரமம் வேண்டாம். காபிகூட வேண்டாம். பேசி முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாதும்பாவ" என்றார்.

"நான் சோறே பொங்கப் போறேன்" என்றேன். "எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க."